விரிவுரையாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பது எப்படி? யாழ்ப்பாண மாணவர்களுக்கான கேள்வி – பதில்

வெளிநாட்டில் முதுமாணி, கலாநிதிப் படிப்புக்கோ புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பிக்கும்போது மற்ற ஆவணங்கள் எல்லாம் உங்கள் கையில் இருக்கும். பரிந்துரைக் கடிதம் மட்டும் இன்னொருவரின் கையில் இருக்கும். அதனால்தான் கடைசி நாளில் இழுபடுவது பெரும்பாலும் இந்தக் கடிதமாகவே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், திருநெல்வேலியிலும் மருதனார்மடத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் படிப்பவர்களும், படித்து முடித்து வேலையில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பரிந்துரைக் கடிதமும் நற்சான்றிதழும் ஒன்றுதானே?

இல்லை. கிராம அலுவலர் தரும் நற்சான்றிதழும் அதிபர் தரும் சான்றிதழும் உங்கள் நடத்தையில் குறை இல்லை என்று சொல்பவை. பரிந்துரைக் கடிதம் கேட்கும் பல்கலைக்கழகத்துக்கு அது போதாது. இந்த மாணவர் எங்கள் படிப்பைச் செய்து முடிப்பாரா, ஆய்வில் தனித்து இயங்குவாரா, சிக்கல் வந்தால் என்ன செய்வார் என்பதை உங்களை அருகில் இருந்து பார்த்த ஒருவர் சொல்லவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

எங்கள் ஊரில் எழுதப்படும் கடிதங்களில் மிகப் பெரிய குறையும் இதுதான்: பரிந்துரைக் கடிதத்தை நற்சான்றிதழ் போல எழுதிவிடுகிறோம். ஒரு உதாரணத்தைப் பாருங்கள்.

"இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லோருடனும் நன்றாகப் பழகுபவர். இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." இதில் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியவராது.

"இறுதியாண்டு ஆய்வுக்காக வலிகாமத்தில் 30 கிணறுகளில் நைத்திரேற்று அளவிட்டார். இரண்டு கிணறுகளில் அளவு எதிர்பாராமல் உயர்ந்தபோது மாதிரி பிழைத்துவிட்டது என்று தள்ளிவிடவில்லை. திரும்பப் போய் மாதிரி எடுத்து, மலசலகூடக் குழி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் அளந்து வந்தார். அதைச் செய்யும்படி நான் சொல்லவில்லை." இந்தக் கடிதம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும்.

இரண்டாவது கடிதம் கிடைப்பதும் கிடைக்காததும் விரிவுரையாளரின் நல்ல மனதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அவர் கையில் அந்த விபரங்கள் இருக்கவேண்டும். அவற்றைக் கொடுக்கவேண்டியவர் நீங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றியவைதான்.

யாரிடம் கேட்பது? பேராசிரியர்தான் எழுதவேண்டுமா?

பதவி பெரிதாக இருந்தால் கடிதம் பலமாக இருக்கும் என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பீடாதிபதியிடமும் துறைத் தலைவரிடமும் வரிசையில் நிற்பது அதனால்தான். உங்களை முகத்தால் மட்டும் தெரிந்த பீடாதிபதி நாலு வரி எழுதுவார். உங்கள் ஆய்வேட்டை மூன்று முறை திருத்தித் தந்த சிரேஷ்ட விரிவுரையாளர் ஒன்றரைப் பக்கம் எழுதுவார். எடுபடுவது இரண்டாவது கடிதம்.

தெரிவு செய்யும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் உங்கள் இறுதியாண்டு ஆய்வின் மேற்பார்வையாளர். அடுத்து, நீங்கள் விண்ணப்பிக்கும் துறைக்கு நெருங்கிய பாடத்தை இரண்டு பருவமாவது கற்பித்து, அதில் உங்களுக்கு நல்ல பெறுபேறு தந்தவர். மூன்றாவதாக, தொழிற்பயிற்சியிலோ வேலையிலோ உங்களை மேற்பார்வை செய்தவர். ஆனால் மூவரும் கல்வித்துறையினராக இருக்கவேண்டும் என்று சில பல்கலைக்கழகங்கள் கேட்கும். அறிவுறுத்தலை முதலில் வாசியுங்கள்.

பதவி கட்டாயமாகும் இடங்களும் உண்டு. சீன அரசின் புலமைப்பரிசிலுக்கு முதுமாணி, கலாநிதி விண்ணப்பதாரர்கள் பேராசிரியர் அல்லது இணைப் பேராசிரியர் இருவரின் கடிதத்தைக் கொடுக்கவேண்டும். உங்கள் மேற்பார்வையாளர் சிரேஷ்ட விரிவுரையாளராக இருந்தால், ஏற்றுக்கொள்வீர்களா என்று சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஆய்வு மாணவர் புலமைப்பரிசிலுக்குக் கடைசியாகப் படித்த பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், பீடாதிபதி அல்லது மேற்பார்வையாளர் எழுதலாம். அங்கே மேற்பார்வையாளரிடமே போங்கள்.

தற்காலிக உதவி விரிவுரையாளர்கள், செய்முறை வகுப்பு எடுத்தவர்கள் ஆகியோர் உங்களை நன்றாகத் தெரிந்தவர்களாக இருக்கலாம். ஆனாலும் அவர்களின் கடிதத்தைத் தனியாக வைக்கவேண்டாம். ஆய்வுகூடத்தில் நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்று சிரேஷ்ட விரிவுரையாளருக்கு ஐந்து வரி எழுதிக் கொடுக்கும்படி அவர்களைக் கேளுங்கள். அது பெரிய கடிதத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

சொந்தக்காரர், குடும்ப நண்பர், அரசியல்வாதி, மதகுரு: இவர்கள் வேண்டாம். வேலைக்குக் கொடுக்கும் சுயவிபரக் கோவையில் "உறவினரல்லாத இருவர்" என்று போடும் பெயர்கள் வேறு கணக்கு.

எத்தனை கடிதம் வேண்டும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று கேட்கும். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் முதுமாணிப் புலமைப்பரிசிலும் மூன்று. பிரித்தானியாவில் ஒன்று அல்லது இரண்டு. ஐரோப்பாவின் எராஸ்முஸ் முண்டுஸ் படிப்புகளில் பெரும்பாலும் இரண்டு. கேட்டதைவிட அதிகமாக அனுப்பவேண்டாம். ஆனால் ஒருவருக்கு அவசரம் வந்தால் அவருக்கு மாற்றாக எழுதக்கூடிய ஒருவரை மனதில் வைத்திருங்கள்.

எப்போது கேட்கவேண்டும்?

முடிவுத் திகதிக்கு ஆறு கிழமைக்கு முன் கேட்பது நல்லது. நாலு கிழமை என்பது ஆகக் குறைந்த எல்லை. இரண்டு கிழமைக்குக் குறைவாக இருந்தால், பழைய கடிதத்தில் பெயரை மாற்றித் தருவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது. பழைய கடிதத்தில் முந்திய மாணவரின் பெயர் ஒரு இடத்தில் அப்படியே கிடப்பதும், "அவன்" என்ற இடத்தில் "அவள்" வருவதும் இப்படித்தான் நடக்கின்றன.

அமெரிக்க முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசெம்பர் 1க்கும் ஜனவரி 15க்கும் இடையில் விழும். எங்களுக்கு அது நத்தார் விடுமுறையும் தைப்பொங்கலும் வரும் காலம். விடைத்தாள் திருத்தும் வேலையும் அதே நேரத்தில் வந்து சேரலாம். ஆகவே ஒக்டோபர் கடைசியில் கேட்டுவிடுங்கள். பெறுபேற்றுப் பட்டியலை உத்தியோகபூர்வமாக எடுப்பதற்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தத்துக்குப் போனால் அந்த அலுவலகம் கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடக்கும்.

நேர வித்தியாசத்தையும் கணக்கிட்டு விரிவுரையாளருக்கு இலங்கை நேரத்திலேயே சொல்லுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் டிசெம்பர் 15 இரவு 11.59 என்றால் இங்கே டிசெம்பர் 16 காலை 10.29. இது உங்களுக்குச் சாதகம். ஐரோப்பாவில் நிலைமை வேறு: மத்திய ஐரோப்பிய நேரப்படி குளிர்காலத்தில் நண்பகல் 12 என்றால் இங்கே பிற்பகல் 4.30. இரவுவரை நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பவர் அதைத் தவறவிடுவார். எதுவானாலும் உண்மையான திகதிக்கு ஐந்து நாள் முந்திய திகதியை விரிவுரையாளரிடம் கேளுங்கள். உண்மையான திகதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். பொய்யான திகதி சொன்னால், இணையத்தில் அவருக்கு உண்மையானது தெரியவரும்.

நேரில் போய்க் கேட்பதா, மின்னஞ்சலா, வட்ஸ்அப்பா?

மின்னஞ்சலில் கேட்டு, நேரில் கதைத்து, வட்ஸ்அப்பை நினைவூட்டலுக்கு மட்டும் வைத்திருங்கள். விரிவுரை முடிந்து சேர் வாசலால் வெளியே போகும்போது பின்னால் ஓடிப்போய் "சேர், ஒரு றெக்கமண்டேஷன் லெட்டர் வேணும்" என்று கேட்டால், அவர் "ஓம், பார்ப்பம்" என்று சொல்வார். அது சம்மதம் அல்ல. வட்ஸ்அப்பில் கேட்ட வேண்டுகோள் இருபது குழுக்களின் செய்திகளுக்குக் கீழே போய்விடும். மின்னஞ்சல் இருந்தால் ஒரு மாதம் கழித்தும் உங்கள் பெயரைத் தேடி எடுக்கலாம்.

அறிவியல் நகரில் இருக்கும் பீடங்களுக்குப் போகவிருப்பவர்கள், விரிவுரையாளர் அன்றைக்கு வருவாரா என்று கேட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள். கூட்டத்துக்காகத் திருநெல்வேலிக்கு வந்திருப்பார். நீங்கள் கிளிநொச்சியில் நிற்பீர்கள்.

பெரியவர்களிடம் கேட்பதற்கான கூச்சம் எங்கள் பிள்ளைகளுக்கு நிறையவே உண்டு. ஆனால் இது சலுகை கேட்பது அல்ல. கடிதம் எழுதுவது விரிவுரையாளரின் தொழிலின் ஒரு பகுதி. அவரும் ஒரு காலத்தில் மூன்று பேரிடம் கேட்டு வாங்கித்தான் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்திருப்பார். மரியாதையாகவும் நேராகவும் கேட்டால் போதும்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது? ஒரு மாதிரி தரமுடியுமா?

தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். உங்கள் துறையில் எது வழக்கமோ அதில் எழுதுங்கள். பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புவது நல்லது. விளையாட்டுப் பெயரில் பதினெட்டு வயதில் திறந்த ஜீமெயிலிலிருந்து அனுப்பவேண்டாம்.

பொருள்: பரிந்துரைக் கடிதத்துக்கான வேண்டுகோள் – (உங்கள் பெயர், பதிவிலக்கம்) – முதல் முடிவுத் திகதி டிசெம்பர் 15

மதிப்பிற்குரிய சேர்,

வணக்கம். நான் இரசாயனவியல் விசேட கற்கையை முடித்த (பெயர்). மூன்றாம் ஆண்டில் உங்களிடம் பகுப்பாய்வு இரசாயனவியல் படித்தேன். இறுதியாண்டு ஆய்வை உங்கள் மேற்பார்வையில் செய்தேன்.

சூழல் இரசாயனவியலில் முதுமாணிப் படிப்புக்காக மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கவிருக்கிறேன். என் ஆய்வு வேலையை நேரில் பார்த்தவர் நீங்கள் என்பதால், அதைப் பற்றி விரிவான ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தரமுடியுமா என்று கேட்கிறேன். கடிதத்தை டிசெம்பர் 10க்குள் பதிவேற்ற முடிந்தால் உதவியாக இருக்கும்.

நேரம் இடம் கொடுக்காவிட்டாலோ, வேறொருவர் எழுதுவது பொருத்தம் என்று கருதினாலோ தயங்காமல் சொல்லுங்கள் சேர். சம்மதம் என்றால் பெறுபேறு, சுயவிபரக் கோவை, நோக்க அறிக்கை, ஆய்வுச் சுருக்கம், பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒன்றாக அனுப்பிவைக்கிறேன். நேரில் வரச்சொன்னால் திங்கள், புதன் பிற்பகலில் வரமுடியும்.

நன்றியுடன், (பெயர், தொலைபேசி இலக்கம்)

"விரிவான" என்ற சொல்லையும், மறுக்க இடம் கொடுக்கும் வசனத்தையும் எடுத்துவிடாதீர்கள். அரைமனதோடு எழுதும் ஒருவரை அந்த இரண்டும் முன்கூட்டியே விலக்கிவிடும்.

சம்மதித்துவிட்டார். என்னென்ன கொடுக்கவேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில், உங்கள் பெயர் தொடங்கும் கோப்புப் பெயர்களோடு, பிடிஎஃப் வடிவில் அனுப்புங்கள். ஐந்து மின்னஞ்சலாக அனுப்பினால் மூன்றாவது காணாமல் போகும்.

முதலில் ஒரு பக்க அட்டவணை. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வரி: பல்கலைக்கழகம், படிப்பின் சரியான பெயர், இலங்கை நேரப்படி முடிவுத் திகதி, கடிதம் போகும் வழி (இணைப்பு வருமா, மின்னஞ்சலா, முத்திரையிட்ட உறையா), தனிப் படிவம் இருக்கிறதா என்பது. முடிவுத் திகதியின் வரிசையில் அடுக்குங்கள்.

பிறகு பெறுபேறு, சுயவிபரக் கோவை, நோக்க அறிக்கை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதிக் கொடுப்பது). நோக்க அறிக்கை முடியவில்லையென்றால் வரைபையாவது அனுப்புங்கள். நீங்கள் நீரியல் படிக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்க, அவர் பொலிமர் ஆய்வுக்குப் பொருத்தமானவர் என்று எழுதினால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும்.

அடுத்தது நினைவுக்குறிப்பு. எல்லாவற்றிலும் பெறுமதியானது இதுதான். ஆனால் பெரும்பாலானோர் கொடுக்காமல் விடுவதும் இதைத்தான். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவரிடம் எந்தெந்தப் பாடம், எந்த ஆண்டு, என்ன பெறுபேறு. அவர் தந்த ஒப்படைகளில் எதை எப்படிச் செய்தீர்கள். ஆய்வில் எங்கே தடக்குப்பட்டு எப்படி வெளியே வந்தீர்கள். அவர் முன்னிலையில் செய்த முன்வைப்புகள். அவர் பார்த்தவற்றை மட்டும் எழுதுங்கள். சனசமூக நிலையத்தில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பித்தது நல்ல விடயம்தான். ஆனால் அதை அவர் பார்க்கவில்லை; அது சுயவிபரக் கோவையில் இருக்கட்டும்.

அணியில் உங்கள் இடம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் படிவங்களில் கடிதத்துக்கு மேலதிகமாக ஒரு தரப்படுத்தல் கட்டம் இருக்கும்: முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று விரிவுரையாளர் தெரிவு செய்யவேண்டும். "80 பேரில் 6ஆவது" என்று உங்களிடமிருந்து வந்திருந்தால் அவர் ஊகிக்கவேண்டியதில்லை.

என் பெயர் கடவுச்சீட்டில் ஒருமாதிரி, பல்கலைக்கழகத்தில் ஒருமாதிரி இருக்கிறது. பிரச்சினையா?

ஆம், கவனிக்காவிட்டால் பிரச்சினைதான். தகப்பன் பெயரை முன்னால் போட்டு எழுதும் எங்கள் வழக்கம் வெளிநாட்டுப் படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் இலகுவில் அடங்காது. பல்கலைக்கழகப் பதிவில் "செ. கவிதா" என்று இருப்பவர் விண்ணப்பத்தில் "கவிதா செல்வராசா" ஆகிறார். கடிதத்தில் "மிஸ் கவிதா" என்று மட்டும் இருந்தால், தனியாக வந்த அந்தக் கோப்பை எந்த விண்ணப்பத்தோடு சேர்ப்பது என்று அலுவலருக்குத் தெரியாது. கடவுச்சீட்டில் உள்ள முழுப்பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலோடு தட்டச்சிட்டுக் கொடுங்கள். கடிதத்தில் முதன்முறை பெயர் வரும் இடத்தில் அந்த முழுப்பெயரும், அடைப்புக்குள் பல்கலைக்கழகப் பதிவுப் பெயரும் வரட்டும். விண்ணப்ப இலக்கம் இருந்தால் தலைப்பு வரியில் போடச்சொல்லுங்கள்.

"நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுறன்" என்கிறார். என்ன செய்வது?

இது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. வேலைப்பளுவால் சொல்கிறாரே தவிர, கெட்ட எண்ணத்தால் அல்ல. ஆனால் அது உங்களுக்கு நட்டம். நீங்கள் உங்களைப் பற்றி எழுதும்போது ஒன்றில் கூச்சத்தில் மொட்டையாக எழுதுவீர்கள், அல்லது இணையத்தில் கிடைத்த மாதிரியிலிருந்து "மிகச் சிறந்த", "ஈடிணையற்ற" என்று அடுக்குவீர்கள். மூன்று கடிதத்தையும் நீங்களே எழுதினால், ஒரே வசன நடையும் ஒரே பிழைகளும் மூன்றிலும் தெரியும். தெரிவுக்குழுவில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வாசிப்பவர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கினாலும் இதே கதைதான்: வழவழப்பாக இருக்கும், உங்களைப் பற்றி ஒன்றும் இருக்காது.

மரியாதையாக ஒரு மாற்றுவழியைச் சொல்லுங்கள்: "சேர், கடிதமாக எழுதாமல், தேவையான விபரங்களைக் குறிப்பாக எழுதித் தரட்டுமா? நீங்கள் உங்கள் வசனத்தில் எழுதினால்தான் அவர்கள் ஏற்பார்கள்." பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பாடம், ஆண்டு, ஆய்வுத் தலைப்பு, மூன்று சம்பவங்கள் என்று குறிப்புகளை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கும் அவர் இணங்காவிட்டால், வேறு ஒருவரைப் பற்றி யோசியுங்கள். விண்ணப்பதாரர் கடிதம் எழுதக்கூடாது என்று தெளிவாகச் சொல்லும் புலமைப்பரிசில்கள் உண்டு. எழுதியவர் தாம்தான் என்று விரிவுரையாளர் உறுதிமொழி கொடுக்கவேண்டிய படிவங்களும் உண்டு.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்: விரிவுரையாளரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, இணைப்பை அதற்கு வரவைத்து, நீங்களே பதிவேற்றுவது. அவர் "செய்" என்று சொல்லியிருந்தாலும் அது ஆள்மாறாட்டம். தெரியவந்தால் கிடைத்த இடம் பறிபோகும். அதோடு, அதே துறையிலிருந்து அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கடிதங்களும் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

இணையவழியில் கடிதம் எப்படிப் போகிறது? எங்கே பிழைக்கும்?

விண்ணப்பத் தளத்தில் விரிவுரையாளரின் பெயர், பதவி, நிறுவனம், மின்னஞ்சல் ஆகியவற்றை நீங்கள் நிரப்புவீர்கள். தளம் அவருக்கு ஒரு இணைப்பை அனுப்பும். அவர் அதைத் திறந்து, கேள்விகளுக்குப் பதில் கொடுத்து, கடிதத்தைப் பதிவேற்றுவார். நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்த பிறகுதான் சில தளங்கள் இணைப்பை அனுப்பும். அதைத் தெரியாமல் கடைசி நாள்வரை சமர்ப்பிக்காமல் இருந்தால், விரிவுரையாளருக்கு எஞ்சுவது சில மணித்தியாலம்தான்.

பிழைக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். மின்னஞ்சல் முகவரியில் ஒரு எழுத்து மாறிவிடும். அதை நிரப்பும்போது அவர் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து பிரதி எடுத்து ஒட்டுங்கள். ஜீமெயில், யாஹூ முகவரிகளைச் சில நிறுவனங்கள் ஏற்காது. ஏற்றாலும் கூடுதலாகச் சரிபார்க்கும். ஆகவே பல்கலைக்கழக முகவரியைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பவரா என்பதையும் கேளுங்கள். இணைப்பு எரித அஞ்சலுக்குள் விழும். அனுப்பிய அன்றே "இன்ன பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும் சேர், ஸ்பாமிலும் பாருங்கள்" என்று செய்தி போடுங்கள். தொலைபேசி இலக்கத்தில் முன் பூச்சியத்தை எடுத்துவிட்டு நாட்டுக் குறியீட்டைச் சேர்க்கவேண்டும்: 021 என்று தொடங்குவது +94 21 ஆகும்.

ஐந்து பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் ஐந்து இணைப்புகள் போகும். எல்லாவற்றையும் ஒரே கிழமைக்குள் அனுப்பச்செய்தால், ஒரே இருப்பில் முடித்துவிட அவருக்கு வசதி. கடிதத்தில் குறித்த ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் அது மற்றதற்குப் போய்விடும் ஆபத்து உண்டு. படிப்பின் துறையை மட்டும் சொல்லித் தெரிவுக்குழுவுக்கு எழுதுவது பாதுகாப்பானது.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று தளம் கேட்கிறது. என்ன தெரிவு செய்வது?

விட்டுக்கொடுங்கள். அமெரிக்காவில் 1974இல் வந்த கல்விப் பதிவுத் தனியுரிமைச் சட்டப்படி, அங்கே சேர்ந்த மாணவர் தன் கோப்பிலுள்ள கடிதத்தைப் பார்க்கக் கேட்கலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுத்தால், விரிவுரையாளர் மனந்திறந்து எழுதினார் என்று வாசிப்பவர் நம்புவார். விட்டுக்கொடுக்காவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படாது. ஆனால் கடிதத்தின் எடை குறையும்.

உறையில் போட்டு முத்திரையிட்டுத் தரும்படி கேட்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?

துறையின் தலைப்புத் தாளில் அச்சிட்டு, திகதியிட்டு, பேனையால் கையெழுத்திட்டு, பெயர், பதவி கொண்ட இறப்பர் முத்திரை வைக்கவேண்டும். உறையை ஒட்டிய பிறகு, ஒட்டிய விளிம்பின் மேல் பாதி மடலிலும் பாதி உறையிலும் விழும்படி கையெழுத்தும் முத்திரையும் இருக்கவேண்டும். உறையையும் முகவரியையும் நீங்களே கொண்டுபோங்கள். உறைக்கு மேல் பென்சிலால் எந்தப் புலமைப்பரிசிலுக்கு என்று எழுதிவையுங்கள். மூன்று ஒரே மாதிரி உறைகள் கையில் இருக்கும்போது எது எதுவென்று திறந்து பார்க்க முடியாது. தபாலில் கொழும்புத் தூதரகத்துக்கு அனுப்புவதென்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ்மொழி மூலம் படித்தேன். கடிதம் தமிழில் இருக்கலாமா?

வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். ஆய்வேட்டுத் தலைப்பின் ஆங்கில வடிவம் பெறுபேற்றுப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே கடிதத்திலும், சுயவிபரக் கோவையிலும், நோக்க அறிக்கையிலும் வரவேண்டும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பு இருந்தால் மூன்று ஆய்வு செய்ததுபோலத் தெரியும். விரிவுரையாளர் தமிழில்தான் எழுதுவேன் என்றால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து மூலத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வழி உண்டு. அது எல்லா இடத்திலும் செல்லாது, முதலில் கேட்டறியுங்கள். தமிழ், வரலாறு, இந்து நாகரிகம் படித்தவர்கள் ஆய்வின் சாரத்தை 200 சொற்களில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் விரிவுரையாளருக்குப் பெரிய உதவி.

எனக்கு ஜிபிஏ குறைவு. ஒரு பாடம் ரிப்பீட்டும் உண்டு. கேட்கலாமா?

கேட்கலாம், மறைக்காமல் கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் டெங்கு வந்து பரீட்சையைத் தவறவிட்டீர்களோ, குடும்பத்தில் இழப்போ, வேலை செய்துகொண்டு படித்தீர்களோ, அதை இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் சொன்னால் சாட்டாகப் படும் ஒன்று, விரிவுரையாளர் சொல்லும்போது விளக்கமாகிறது. முதலாம் ஆண்டில் தடுமாறி இறுதியாண்டில் நன்றாகச் செய்தவரைப் பற்றி எழுதுவதற்கு அவரிடம் உண்மையான விடயம் இருக்கும். கடிதத்தில் உங்கள் குடும்ப விடயத்தைச் சொல்லலாமா கூடாதா என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

படித்து முடித்து ஏழெட்டு ஆண்டாகிவிட்டது. ஞாபகம் இருக்குமா?

முகம் ஞாபகம் வரும், விபரம் வராது. கேட்கும் மின்னஞ்சலிலேயே ஆய்வேட்டின் சுருக்கம், அன்றைய ஒரு புகைப்படம், அதற்குப் பிறகு செய்த வேலை ஆகியவற்றைச் சேருங்கள். ஓய்வுபெற்றவரும் தகைசார் பேராசிரியரும் எழுதலாம்; படிவத்தில் இன்றைய நிலையைச் சரியாகப் போடவேண்டும். சபாட்டிக்கல் லீவில் அல்லது படிப்பு விடுமுறையில் வெளிநாட்டில் இருப்பவரும் எழுதலாம். இவ்வளவு காலம் கடந்தவர்கள் ஒரு கடிதத்தையாவது இன்றைய மேலதிகாரியிடம் வாங்குவது நல்லது.

இருநூறு பேர் இருந்த வகுப்பு. என்னை ஒருவருக்கும் தெரியாது. இனி என்ன செய்வது?

இன்னும் ஒரு பருவமாவது மிச்சம் இருந்தால் வழி உண்டு. ஒரு விரிவுரையாளரின் பாடத்தில் தரப்பட்ட ஒப்படையைத் திருத்தி வாங்கி, எங்கே புள்ளி குறைந்தது என்று போய்க் கேளுங்கள். அவருடைய ஆய்வுக்குத் தரவு சேர்க்கவோ கேள்விக்கொத்து நிரப்பவோ ஆள் தேவையா என்று கேளுங்கள். பீடத்தின் ஆய்வு மாநாட்டில் ஒரு கட்டுரையை முன்வையுங்கள். முடித்துவிட்டவர்கள், அதிக புள்ளி எடுத்த பாடத்தின் விரிவுரையாளரிடம் அந்த ஒப்படையின் பிரதியோடு போங்கள். பழைய ஒப்படைகளை வீசாமல் வைத்திருப்பது இதற்காகவும்தான்.

திகதி நெருங்குகிறது, இன்னும் அனுப்பவில்லை. நினைவூட்டினால் கோபிப்பாரா?

கோபிக்கமாட்டார். பெரும்பாலானவர்கள் நினைவூட்டலை எதிர்பார்த்தே இருப்பார்கள். பத்து நாளுக்கு முன் ஒரு மின்னஞ்சல், அதே பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாக, இணைப்பையும் திகதியையும் மேலே போட்டு. மூன்று நாளுக்கு முன் வட்ஸ்அப்பில் இரண்டு வரி. முடிவுத் திகதிக்கு முதல் நாள் காலை ஒரு அழைப்பு. தளத்தில் நினைவூட்டல் அனுப்பும் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்துங்கள். இதற்கிடையில் இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், மாற்றாக மனதில் வைத்திருந்தவரிடம் உடனே கேளுங்கள்.

சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பம் நேரத்துக்கு வந்திருந்தால் கடிதத்துக்கு ஒரு சில நாள் பொறுக்கும். புலமைப்பரிசில்களில் அதை நம்பாதீர்கள்.

முடியாது என்று சொல்லிவிட்டார்.

நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். "யோசிப்பம்", "வேற ஆரும் இல்லையோ" என்பவையும் மறுப்புத்தான். வற்புறுத்தி வாங்கும் கடிதத்தில் குளிர் தெரியும்.

கடிதம் கிடைத்ததற்குப் பரிசு ஏதும் கொடுக்கவேண்டுமா?

கடிதத்துக்கு முன் எதுவும் வேண்டவே வேண்டாம். அது அவரைச் சங்கடத்தில் மாட்டும். கடிதம் போனதும் ஒரு நன்றி மின்னஞ்சல். முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவருக்கு அறிவியுங்கள். பலர் விசா கிடைத்த சந்தோசத்தில் இதை மறந்து பறந்துவிடுகிறார்கள். கடிதம் எழுதியவர் செய்தியை முகநூலில் பார்க்கிறார். கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் அவரிடமே போகவேண்டி வரலாம். அப்போது இந்த ஓராண்டில் புதிதாகச் செய்ததை ஐந்து வரியில் எழுதி, புதிய அட்டவணையோடு அனுப்புங்கள். அவரிடம் பழைய கடிதம் இருப்பதால் இந்த முறை இரண்டு கிழமை போதும்.